முன் சக்கரத்தில் சத்தமா? பேரிங் என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள்

8,600 ரூபாய் போனது. போனதுகூடப் பரவாயில்லை, வேலை முடிந்ததும் மிஸ்திரிக்கு நன்றி சொல்லி, கூட இருந்த பையனுக்கு டீ செலவுக்கு 100 ரூபாயும் கொடுத்துவிட்டு வந்தேன் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

என்னுடையது பழைய ஸ்விஃப்ட் டீசல், 90,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அரியலூரில் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு திருச்சி திரும்பும்போது, வலது முன் சக்கரத்தில் சரக் சரக் என்று தகரத்தைத் தேய்ப்பது போல ஒரு சத்தம். வேகம் கூடினால் சத்தமும் வேகமாக வருகிறது, நியூட்ரலில் உருட்டினாலும் வருகிறது, அதனால் எஞ்சின் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓடாத ரோடு ஏது, ஓரமெல்லாம் ஜல்லிதான். ஆனால் அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப். பெயர் வேண்டாம். மிஸ்திரி என்னை ஏற்றிக்கொள்ளாமல் தனியாக ஒரு ரவுண்டு போய்வந்து, இறங்குவதற்கு முன்பே சொன்னார்: "வீல் பேரிங் போயிடுச்சு சார். ஒண்ணு போனா இன்னொண்ணும் போயிடும், ரெண்டையும் மாத்திடுங்க. குடும்பத்தை வச்சு இதுல ஓட்டாதீங்க." பேரிங் என்பது சக்கரம் உரசாமல் சுழல அதன் நடுவில் இருக்கும் குண்டு வளையம். குடும்பம் என்று சொன்னதும் எனக்கு வேறு கேள்வி வரவில்லை. சாயங்காலம் வண்டி வந்தது, சத்தம் சுத்தமாக இல்லை. அவர் கை ராசி என்று வீட்டில் வேறு சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து மறுபடி அரியலூர், மறுபடி அதே சத்தம், அதே சக்கரம். இந்த முறை லால்குடி தாண்டி ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்கார அண்ணன் ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. சுருள் ஸ்பிரிங் மேல் ஒரு கையை வைத்து மறு கையால் சக்கரத்தைச் சுற்றினார். "பேரிங் போயிருந்தா இங்க கிர்ருனு கைக்குத் தெரியும் தம்பி, இது பூ மாதிரி சுத்துது." அப்புறம் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பினார். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு ஜல்லி விழுந்தது. சில நேரம் நாலடி ரிவர்ஸ் எடுத்தாலே அது தானாக விழுந்துவிடுமாம்.

சரி, அதோடு விட்டிருப்பேன். போன மாதம்தான் பேரிங் மாற்றினேன் என்று வாய் தவறிச் சொன்னேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சக்கரத்தின் நடுவில் ஆக்ஸில் நட்டு ஒன்று இருக்கிறது. அதை முடுக்கியபின் விளிம்பைத் தட்டித் தண்டில் உள்ள பள்ளத்துக்குள் மடக்கிவிடுவார்கள், கழன்று வராமல் இருக்க. அந்த நட்டைக் கழற்றாமல் இந்த வண்டியில் முன் பேரிங்கை மாற்றவே முடியாது, கழற்றினால் புதிய நட்டு போட வேண்டும். என் வண்டியில் இரண்டு பக்கமும் மடக்கிய இடம் அப்படியே துருப்பிடித்துக் கிடந்தது, ஒரு கீறல்கூட இல்லை. அதாவது அன்றைக்குக் கல்லை எடுத்துவிட்டு, தொடாத இரண்டு பேரிங்குக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். பஞ்சர் கடைக்காரர் கேட்டது 150.

அந்த நட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு பழைய மிஸ்திரியிடம் போய்க் கேட்டேன். பழைய நட்டையே மாட்டினோம் என்றார். பழையதை மாட்டினாலும் மடிப்பை நிமிர்த்திய தடம் இருக்குமே என்றேன். அப்படியானால் பழைய பேரிங் எங்கே என்றால் ஸ்கிராப்பில் போட்டாச்சாம். பில் என்று கொடுத்தது மேலே எஸ்டிமேட் என்று எழுதிய வெள்ளைத்தாள், ஜிஎஸ்டி எண் இல்லை, சீல் இல்லை. என் கையில் இருப்பது ஜிபே ரசீது மட்டும். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசப்போகிறேன் என்றதும் குரல் இறங்கி 3,000 திருப்பி அனுப்பினார், மீதி அடுத்த வாரம் என்றார். அந்த அடுத்த வாரம் போய் ஒரு மாதம் ஆகிறது.

உங்களுக்குச் சத்தம் வந்தால், மிஸ்திரி ஓட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். பேரிங் என்றால் பெரும்பாலும் ஊ என்று இரைச்சல், வேகத்தோடு ஏறும், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் சாய்த்தால் கூடும், மறுபக்கம் குறையும். டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே இரைச்சல்தான், டயரில் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். முழுசாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்றால் ஆக்ஸில் ஜாயின்ட், அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கலாம். கீச் என்று வந்து பிரேக் மிதித்ததும் மாறினால் பிரேக் பேடு. எனக்கு இந்த நாலில் எதுவுமே இல்லை, அன்றைக்கே கவனித்திருக்கலாம்.

பழைய உதிரியை வண்டியை விடும்போதே கேட்டு வைத்துவிடுங்கள், முடிந்தபின் கேட்டால் எல்லாருக்கும் ஸ்கிராப்தான். வீல் கப்பைக் கழற்றி அந்த நட்டையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், விடும்போது ஒன்று, எடுக்கும்போது ஒன்று.