உப்புக்காற்றில் ஒரு வால்தர்: ஏர் ரைஃபிள் பயன்பாட்டு அனுபவம்

"அண்ணே, செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்ல எந்த பிராண்ட் நல்லா உழைக்கும்?" என்று தண்டையார்பேட்டைப் பையன்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த குண்டு தானாகவே ஏறும் அந்த ரகத்துக்கு நம் நாட்டில் சாதாரண ஆளுக்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. சுடும் விளையாட்டில் நிஜமாகவே ஆர்வம் இருந்தால் காற்றழுத்தத்தில் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பக்கம் வாருங்கள். 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாங்கும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுக்க வேண்டும். போட்டியில் பெல்லட் எனும் சின்ன ஈயக் குண்டு ஒவ்வொன்றையும் கையால்தான் போட வேண்டும், 60 சுடுதலுக்கு 75 நிமிடம். வேகமாகச் சுடும் வசதி இருந்தாலும் இங்கே உதவாது.

எங்கள் வீட்டில் சுடுவது மகள். துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய செய்தியைப் பார்த்துதான் அவளுக்கு இந்த ஆசை வந்தது. முதலில் கிளப் ரைஃபிளிலேயே பழகினாள். அதுதான் சரியான வழி. சொந்தமாக வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டம் வந்த பிறகு வால்தர் எல்ஜி 400 ஆலுடெக் என்ற ஜெர்மன் ஏர் ரைஃபிள் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம்.

இந்த விளையாட்டில் பெரிய பெயர்கள் நான்கு. வால்தரும் ஆன்ஷூட்ஸும் ஜெர்மனியின் உல்ம் நகரத்துக் கம்பெனிகள், ஃபைன்வெர்க்பாவ் அதே நாட்டின் ஓபர்ன்டார்ஃப், ஸ்டெயர் ஆஸ்திரியா. துல்லியத்தை வைத்து இவற்றுக்குள் சண்டை போடுவது வீண் வேலை. பத்து மதிப்பெண் புள்ளியின் அகலமே அரை மில்லிமீட்டர்தான். பொருத்தமான பெல்லட்டைப் போட்டு, துப்பாக்கியை வைஸில் (அசையாமல் பிடிக்கும் இடுக்கி) இறுக்கிச் சுட்டால், நான்குமே ஒரே ஓட்டையில் திரும்பத் திரும்ப அடிக்கும். ஆகவே உடம்புக்குப் பொருந்துகிறதா, உதிரிபாகம் கைக்கு எட்டுகிறதா என்ற இரண்டையும்தான் பார்த்தோம். எங்கள் ரேஞ்சில் வால்தர் வைத்திருப்பவர்கள் அதிகம். ஒரு சீல் வேண்டும் என்றால் பக்கத்து லேனில் கேட்டாலே கிடைத்துவிடும். ஸ்டாக் எனும் பிடிப்பகுதி அலுமினியம் என்பதால் தோளில் பதியும் பட் பிளேட், கன்னம் வைக்கும் கட்டை எல்லாவற்றையும் தனித்தனியாக நகர்த்தலாம். வளரும் பிள்ளைக்கு இது பெரிய வசதி. அவள் உயரம் கூடக் கூட நாங்கள் திருகைத் தளர்த்தி நீளத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறோம், ரைஃபிளை மாற்றும்படி ஆகவில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் குழலை உற்றுப் பார்ப்பார்கள், மரக்கட்டையைத் தடவிப் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது காற்று சிலிண்டரில் பொறித்த தேதியை. தயாரித்த நாளிலிருந்து பத்து வருடம்தான் அதற்கு ஆயுள். காலாவதியான சிலிண்டருக்குச் சுடுபவரே பொறுப்பு என்று சர்வதேச விதியிலேயே இருக்கிறது. 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த ஒரு குடுவை நம் பிள்ளையின் முகத்துக்கு அருகில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஒரு விற்பனையாளர், "அதெல்லாம் பாக்காதீங்க சார், ஓடும்" என்று சொல்லிச் சிலிண்டரைக் கழற்றிக் காட்ட மறுத்தார். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிட வேண்டும். நாங்கள் வந்துவிட்டோம்.

இனி காசிமேட்டுக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு பிராண்டைவிடப் பெரிய விஷயம் இதுதான். எங்கள் தெருவில் ஜன்னல் கம்பி வருடத்துக்கு ஒரு பெயின்ட் கேட்கும். ரைஃபிளின் அலுமினியப் பாகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. துரு முதலில் பிடித்தது குறி பார்க்கும் டயாப்டரின் சின்னத் திருகுகளிலும் பட் பிளேட் கம்பியிலும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிக்குள் இருக்கும் பஞ்சுமெத்தை ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. ரைஃபிளை மூடிய பெட்டியிலேயே நாள்கணக்கில் விட்டால் அந்த ஈரம் இரும்பில் ஏறிவிடும். இப்போது பயிற்சி முடிந்து வந்ததும் ரைஃபிளை வெளியே எடுத்து, வியர்வை பட்ட இடங்களை உலர்ந்த துணியால் துடைத்து, இரும்பு தெரியும் இடத்தில் மட்டும் ஒரு துளி கன் ஆயில் தடவுகிறாள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள். அவை நிறம் மாறியதும் வாணலியில் மெல்லச் சூடாக்கி மறுபடி வைக்கிறோம்.

ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிலிண்டர் வாயிலோ காற்று அடைக்கும் இணைப்பிலோ சாதாரண ஆயிலைத் தடவவே கூடாது. உயர் அழுத்தக் காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும்தான். இடையில் ஒருமுறை சிலிண்டரின் அழுத்த மீட்டர் முள் இரவோடு இரவாக இறங்கியிருந்தது. சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தபோது இணைப்பில் குமிழ் வந்தது. ஓ-ரிங்கை மாற்றியதும் சரியாகிவிட்டது. அதைத் தவிர இந்த வால்தர் பெரிய செலவு எதுவும் வைக்கவில்லை.

பெல்லட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே கம்பெனியின் டப்பாக்களிலேயே பெல்லட்டின் தலை அளவு 4.49 மி.மீ., 4.50 மி.மீ. என்று தனித்தனியாக வரும். இரண்டையும் சுட்டுப் பார்த்து, குழலுக்குப் பிடித்த பேட்ச்சை மொத்தமாக வாங்கி வையுங்கள். ஈயம் என்பதால் கை கழுவாமல் டிபன் டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.

ரேஞ்சுக்குப் போகிற வழியும் ஒரு செலவுதான். வீட்டுப் பக்கத்திலேயே மெட்ரோ ஓடினாலும் துப்பாக்கிப் பெட்டியோடு பாதுகாப்புச் சோதனையில் நிற்க முடியாது, ஆட்டோதான். அதனால் தினமும் போவதில்லை. மீதி நாட்களில் வீட்டு நடையிலேயே பெல்லட் போடாமல், டிரை ஃபயர் வசதியில் ட்ரிகர் பழகுகிறாள். எதிர்ச் சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளிதான் இலக்கு. மதிப்பெண் ஏறியதற்கு இந்தப் பழக்கமே முக்கியக் காரணம் என்று அவள் கோச் சார் சொல்கிறார். எனக்கும் அதில் சந்தேகமே இல்லை.

லட்சங்களில் செலவழிக்க முடியாதவர்கள் நம் நாட்டுத் தயாரிப்பான ப்ரெசிஹோல் போன்றவற்றில் தொடங்கலாம். குறி பார்க்கவும் ட்ரிகரை நிதானமாக அழுத்தவும் பழக அது போதும். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று போக ஆரம்பித்த பிறகு ஜெர்மன் ரைஃபிளைப் பற்றி யோசித்தால் போதும்.

எங்கள் சிலிண்டருக்கும் பத்து வருடம் நெருங்குகிறது. அடுத்த சீசனுக்குள் புது சிலிண்டர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பார்த்தே வாங்குவோம், கடையில் நெடுநாள் கிடந்ததற்கும் முழு விலைதான் கேட்பார்கள்.