சேவலோடு வளர்ப்பதா, பெட்டைகளை மட்டும் வளர்ப்பதா?

புக்கிட் மெர்தாஜாமில் உள்ள எங்கள் கம்பத்து வீட்டின் பின்புறத்தில் 8 நாட்டுப் பெட்டைகளையும் ஒரு சேவலையும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வளர்த்தோம். கடந்த ஓராண்டாகப் பெட்டைகள் மட்டுமே இருக்கின்றன. வீட்டில் 7 வயது மகனும் 4 வயது மகளும் இருப்பதால், இரண்டு முறைகளையும் அவர்களை மனத்தில் வைத்தே ஒப்பிடுகிறேன்.

சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். சத்திலும் வேறுபாடு கிடையாது. சேவல் விடியலுக்கு முன்பே கூவி அண்டை வீட்டாரை எழுப்பிவிடும் என்பதும் தெரிந்ததே.

சேவலின் பக்கமும் நியாயம் உண்டு. வேலியோரம் உடும்பு தலைகாட்டியதும் எங்கள் சேவல் எழுப்பும் ஒலியில் பெட்டைகள் அனைத்தும் கூண்டுக்குள் ஓடிவிடும். இப்போது அந்தக் காவல் இல்லாததால், பொழுது சாய்வதற்குள் கூண்டுக் கதவை நாங்களே தவறாமல் அடைக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது சேவலின் கால்முள்தான். இளம் பருவத்தில் சிறு மொட்டாக இருக்கும் முள், ஓராண்டு கடந்ததும் நீண்டு கூர்மையாகிவிடுகிறது. பெரியவர்களை உதைத்தால் அது முழங்காலுக்குக் கீழே படும். முட்டை எடுக்கக் குனிந்திருக்கும் பிள்ளைக்கோ முகத்தில் படும். ஒரு நாள் மகள் பெட்டை ஒன்றைத் தூக்க, அது கத்தியது. சேவல் ஓர் இறக்கையைத் தரையில் உரசியபடி பக்கவாட்டில் நடந்து வந்து, கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு எகிறி உதைத்தது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே தோல் கிழிந்தது.

குஞ்சிலிருந்தே கையில் வைத்து வளர்த்ததால் சாதுவாக இருக்கும் என்று நம்பியிருந்தோம். மனிதரிடம் அச்சம் விட்டுப்போன சேவல், பருவம் வந்ததும் நம்மையே போட்டிச் சேவலாக எண்ணி மோதும் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். முள்ளின் முனையை அரத்தால் தேய்த்து மழுக்கிப் பார்த்தோம். ஆனால் அது வளர்ந்துகொண்டே இருப்பதால் அந்த வேலைக்கு முடிவில்லை, மழுங்கிய முள்ளும் கண்ணுக்கு ஆபத்துதான்.

நான் வளர்த்தது ஒரே ஒரு சேவல் என்பதையும் சொல்ல வேண்டும். நிபோங் திபாலில் மாமா வீட்டுச் சேவல் யாரையும் சீண்டுவதில்லை. ஆனால் அங்கே பிள்ளைகள் பத்து வயதைக் கடந்தவர்கள்.

குஞ்சுக்காகவும் சேவல் வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் அடைக்கு உட்கார்ந்த பெட்டைக்கு மாமா வீட்டிலிருந்து கருவுற்ற முட்டை எட்டு கொண்டுவந்து வைத்தோம். 21ஆம் நாள் ஆறு பொரிந்தன. அவற்றில் இரண்டுக்குக் கொண்டை சிவந்து வருகிறது, சேவல்களாகத்தான் இருக்கும். முள் வளரும் முன்பே அவை மாமா வீட்டுக்குப் போய்விடும்.