எல் சால்டேன், லாங்யர்பியன், மோவாப்: போய் வர எது, குடியேற எது?

மலை ஏறுகிறவர்கள், பாறையில் தொங்குகிறவர்கள், பனியில் சறுக்குகிறவர்கள் என எல்லோருக்கும் பயணத்தின் கடைசி நாளில் ஒரே எண்ணம் வரும்: பேசாமல் இங்கேயே தங்கிவிட்டால் என்ன? அந்த எண்ணத்தை மூன்று ஊர்களை வைத்துக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். அர்ஜென்டினாவின் படகோனியாவில் இருக்கும் எல் சால்டேன், ஆர்க்டிக்கில் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கும் லாங்யர்பியன், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைவன ஊரான மோவாப். மூன்றும் சின்ன ஊர்கள்தான், மூன்றுக்கும் உலகெங்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் போய் வர ஒன்று, சில வருடம் தங்க இன்னொன்று, வேர் விட வேறொன்று என்றுதான் எனக்குப் படுகிறது.

வாசலைத் தாண்டினால் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியில் எல் சால்டேனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஊரின் பிரதான வீதி சான் மார்ட்டின் அவென்யூ. அதன் வடக்கு முனை எங்கே முடிகிறதோ அங்கேயே மலைப்பாதை தொடங்கிவிடும். வண்டி வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். காலையில் கிளம்பி ஃபிட்ஸ் ராய் மலையின் (3,405 மீட்டர்) அடியில் இருக்கும் லகுனா டி லோஸ் டிரெஸ் ஏரியைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். போக வர 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கடைசி ஒரு கிலோமீட்டரில் சுமார் 400 மீட்டர் ஏற வேண்டும், அதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும் இடம். செரோ டோரே சிகரத்தைப் பார்க்க வேண்டுமானால் லகுனா டோரே பாதை, அது இன்னும் சுலபம். இரண்டும் லாஸ் கிளேசியாரெஸ் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன.

மோவாப்பில் வாசலிலிருந்து நடந்தே எல்லாவற்றுக்கும் போக முடியாது, வண்டி வேண்டும். ஆனால் வண்டி இருந்தால் கிடைக்கிற வகைவகையான ஆட்டம் வேறெங்கும் இல்லை. ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் நுழைவாயில் ஊரிலிருந்து 8 கிலோமீட்டர்தான். மலைச் சைக்கிள்காரர்கள் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் ஸ்லிக்ராக் பாதை ஊர் ஓரத்தில் இருக்கிறது. 1969-ல் மோட்டார் சைக்கிளுக்காக வகுத்த பாதையைச் சைக்கிள்காரர்கள் பின்னால் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பாறை ஏறுகிறவர்களுக்கு இந்தியன் கிரீக்கின் வெடிப்புப் பாறைகள், துடுப்புப் போடுகிறவர்களுக்குக் கொலராடோ ஆறு. வெயில் ஏறினால் ஒதுங்க லா சால் மலைகள் இருக்கின்றன. அதன் உச்சி 3,879 மீட்டர்.

லாங்யர்பியனில் வாசலைத் தாண்டினால் பனிக்கரடி வரலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குடியிருப்புப் பகுதிக்கு வெளியே போகிறவர்கள் கரடியை விரட்டப் பொருத்தமான கருவி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியும் எடுத்துப் போகச் சொல்கிறது ஆளுநர் அலுவலகம். அதனால் சுற்றுலா வருகிறவர் பெரும்பாலும் வழிகாட்டியோடுதான் வெளியே போவார். "வேலை முடிந்தது, மலைப்பக்கம் ஒரு நடை போய் வரலாம்" என்ற சுதந்திரம் வந்து இறங்கியவருக்கு இல்லை. உள்ளூர்வாசிக்கு உண்டு. துப்பாக்கிப் பயிற்சி, ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி), பனிச்சரிவு பற்றிய அறிவு எல்லாம் சேர்ந்த பிறகுதான் அந்த ஊர் திறக்கிறது. ஒரு வாரம் வந்து போகிறவர் பார்க்கிற லாங்யர்பியனும் மூன்று வருடம் இருக்கிறவரின் லாங்யர்பியனும் வேறு வேறு. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, பின்னால் வருகிறேன்.

போய்ச் சேருவது

மூன்றும் தொலைவுதான், ஆனால் தொலைவின் குணம் வேறு. எல் சால்டேனுக்கு எல் கலாஃபாட்டே வரை விமானம், அங்கிருந்து சுமார் 215 கிலோமீட்டர் பேருந்து, மூன்று மணி நேரம். மோவாப்புக்கு சால்ட் லேக் சிட்டியிலிருந்து நான்கு மணி நேரம் காரோட்ட வேண்டும். லாங்யர்பியன் 78 டிகிரி வட அட்சரேகையில் இருந்தும் விமானப் பயணம் சுலபம்: ஆஸ்லோவிலிருந்து மூன்று மணி நேரம். ஆனால் இறங்கிய பிறகு சாலை என்று சொல்ல ஐம்பது கிலோமீட்டர்கூடக் கிடையாது, வேறு எந்த ஊருக்கும் சாலை வழியே போக முடியாது.

வானிலை, பருவம்

படகோனியாவில் காற்றுதான் முதலாளி. சீசன் நவம்பரிலிருந்து மார்ச் வரை. அந்த மாதங்களிலும் ஃபிட்ஸ் ராய் நாள் கணக்கில் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். இரண்டு நாள் ஒதுக்கி வருகிறவர்கள் மலையைப் பார்க்காமலே திரும்புவது சகஜம். வருகிறவர்களுக்கு என் ஒரே யோசனை: ஐந்தாறு நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோவாப்பில் வசந்தமும் இலையுதிர் காலமும் சொர்க்கம், கோடை அடுப்பு. ஜூலையில் 38 டிகிரிக்கு மேல் போவது வழக்கம். குறுகிய பள்ளத்தாக்குகளில் திடீர் வெள்ளம் வரும். 2022 ஆகஸ்டில் வெள்ளம் ஊருக்கு நடுவிலேயே புகுந்தது. அப்புறம் ஒன்று: பாதையை விட்டு விலகி நடக்காதீர்கள். அங்கே மண்ணின் மேலே கருப்பாக, மொறுமொறுவென்று இருப்பது உயிருள்ள படலம். ஒரு காலடியில் நொறுங்கினால் மீண்டு வரப் பல வருடங்கள் பிடிக்கும்.

லாங்யர்பியனில் ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 22 வரை சூரியன் மறைவதில்லை. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை நண்பகலிலும் இருட்டு. போய் வருகிறவர்களுக்கு மார்ச், ஏப்ரல்தான் சரி: வெளிச்சமும் இருக்கும், பனியும் இருக்கும்.

இதுவரை போட்டால் மதிப்பெண் எல் சால்டேனுக்கு. போய் வருவதற்கு யார் கேட்டாலும் நான் முதலில் அதைத்தான் சொல்வேன், அடுத்து மோவாப்.

சரி, தங்குவதென்றால்?

இங்கேதான் கணக்கு மாறுகிறது. மலை அழகாக இருக்கிறதா என்பது பின்னுக்குப் போய், வீடு கிடைக்குமா, உடம்புக்கு வந்தால் என்ன செய்வது, சீசன் இல்லாத மாதத்தில் ஊர் என்ன செய்கிறது என்பவை முன்னுக்கு வருகின்றன.

எல் சால்டேன் பிறந்ததே 1985 அக்டோபர் 12-ல்தான். சிலியோடு இருந்த எல்லைத் தகராறில் தன் உரிமையை நிலைநாட்ட அர்ஜென்டினா அங்கே ஓர் ஊரை உருவாக்கியது. அது இப்போது தேசியப் பூங்காவின் ஓரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றியிருப்பது பாதுகாக்கப்பட்ட நிலம், ஊர் விரிய இடமில்லை. சீசனில் வேலைக்கு வருகிறவர்களுக்கு மலைப்பாதை தாராளமாகக் கிடைக்கும், அறை கிடைக்காது. பெரிய மருத்துவம் என்றால் எல் கலாஃபாட்டேவுக்கு ஓட வேண்டும். எந்தப் பூங்கா வாசலில் ஊரை வைத்துத் தந்ததோ, அதே பூங்கா வீடு கட்ட விடாமலும் தடுக்கிறது. ஒரு சீசன் வழிகாட்டியாகவோ ஹாஸ்டலிலோ வேலை பார்க்க அருமையான ஊர், வேர் விடக் கஷ்டமான ஊர்.

லாங்யர்பியனின் சட்டம் விசித்திரமானது. 1920-ல் கையெழுத்தாகி 1925-ல் நடைமுறைக்கு வந்த ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தின் காரணமாக அங்கே வாழ விசாவோ குடியிருப்பு அனுமதியோ தேவையில்லை. எந்த நாட்டவரும் போய் வேலை பார்க்கலாம். நார்வே வழியாகத்தான் பெரும்பாலும் போக வேண்டும் என்பதால், ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) தேவைப்படுகிறவர்கள் இருமுறை நுழையும் விசா வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கேட்கும்போது கனவு மாதிரி இருக்கும். ஆனால் உங்களை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். வருமானமும் வீடும் இல்லாதவரை ஆளுநர் திருப்பி அனுப்பலாம். வீடுகளில் பெரும்பாலானவை முதலாளிகளிடம் இருப்பதால் வேலை போனால் வீடும் போய்விடக்கூடும். சின்ன மருத்துவமனை உண்டு, ஆனால் பிரசவத்துக்குக் கர்ப்பிணிகள் முன்கூட்டியே பெருநிலத்துக்குப் போய்விடுகிறார்கள். முதியோர் பராமரிப்பு கிடையாது. பல வருடம் அங்கே வாழ்ந்தாலும் அந்தக் காலம் நார்வேயின் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக் கணக்கில் சேராது. 2015 டிசம்பரில் ஊருக்கு மேலே இருந்த மலையிலிருந்து பனிச்சரிவு பாய்ந்து வந்ததில் இருவர் இறந்தார்கள், 11 வீடுகள் நாசமாயின. அபாயப் பகுதியில் இருந்த வேறு பல வீடுகளும் பின்னர் அகற்றப்பட்டன.

இவ்வளவும் சொன்ன பிறகும், இரண்டு மூன்று வருடம் தங்க என் ஓட்டு லாங்யர்பியனுக்குத்தான். காரணம் முன்பே சொன்னது: அங்கே கற்றுக்கொண்டால்தான் கதவு திறக்கும், கற்றுக்கொள்ள ஒரு சீசன் போதாது. 1993-ல் தொடங்கிய பல்கலைக்கழக மையம் இருக்கிறது, பள்ளி இருக்கிறது. சுமார் 2,500 பேரில் பெரும்பாலோர் சில வருடங்களுக்கென்றே வந்தவர்கள் என்பதால் புதியவரை வேற்றாளாகப் பார்ப்பதில்லை. அது தற்காலிகமாக வாழவே அமைந்த ஊர், அதை மறைப்பதும் இல்லை.

மோவாப்பில் 2020 கணக்கெடுப்புப்படி சுமார் 5,400 பேர். மருத்துவமனை, பள்ளி, நெடுஞ்சாலை எல்லாம் உண்டு. 1950களில் யுரேனியத்துக்காக வீங்கிய ஊர் இது. அந்தக் காலத்து ஆலைக் கழிவு, ஒரு கோடியே 60 லட்சம் டன், கொலராடோ ஆற்றங்கரையில் கிடந்தது. 2009 முதல் ரயிலில் ஏற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். சுரங்கம் போனது, சுற்றுலா வந்தது. ஆர்ச்சஸுக்கு 2021-ல் மட்டும் 18 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். நெரிசல் தாங்காமல் 2022-ல் நேரம் குறித்து முன்பதிவு செய்யும் முறையைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வீடுகள் விடுமுறை வாடகைக்குப் போகின்றன, அங்கே வேலை செய்கிறவர் அங்கேயே வீடு பிடிக்கத் திண்டாடுகிறார். ஆனாலும் மூன்றில் பிள்ளை பெற்று, வளர்த்து, வயதாகி இருக்கக்கூடிய ஊர் இது ஒன்றுதான். உள்ளூர்க்காரர் கூட்டம் இல்லாத டிசம்பரில் பாறைக்குப் போகிறார், ஜூலையில் லா சாலுக்கு ஏறிவிடுகிறார். ஒரே சிக்கல்: அமெரிக்காவில் வாழும் உரிமை ஏற்கெனவே இல்லாதவருக்கு இந்த ஆலோசனையால் பயனில்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய்யலாம். அந்தந்த ஊரின் மிக மோசமான மாதத்தில் இரண்டு வாரம் போய் இருங்கள். மோவாப் என்றால் ஜூலை. லாங்யர்பியன் என்றால் டிசம்பர். எல் சால்டேன் என்றால் ஜூன்: எட்டு மணி நேரப் பகல், பாதி விடுதிகள் பூட்டு, குறைந்துபோன பேருந்துகள். மலையை விட்டுவிட்டு, வாடகைக்கு அறை இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டுப் பாருங்கள். சீசனில் "பார்க்கலாம்" என்று மழுப்புகிறவர்கள்கூட அப்போது நேரான பதில் சொல்வார்கள்.