பணியாளர் தன்னம்பிக்கைப் பயிற்சி: இரண்டாம் நாளுக்கு மட்டும் பணம் கொடுக்கலாம்

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் எங்கள் பட்டறையில், 14 பேருக்கு இரண்டு நாள் பயிற்சி அளிக்க ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். அளவு சற்று மாறினாலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதன் அளவைச் சரிசெய்து தரும் செட்டரைத் தேடிப் போகும் பழக்கம் இளைஞர்களிடம் ஊறிப்போயிருந்ததே காரணம். அவர்கள் வேலை தெரியாதவர்கள் அல்லர். தாங்கள் கைவைத்தால் சரியாக வரும் என்ற துணிவுதான் இல்லை.

முதல் நாள் ஏமாற்றமே. வாடகை மண்டபத்தில் எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து, "என்னால் முடியும்" என்று மும்முறை முழங்கச் சொன்னார்கள். (சாப்பாடு நன்றாக இருந்தது.) தன் திறன்மீது ஒருவருக்கு நம்பிக்கை பிறக்கும் வழிகள் நான்கு என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார்: தானே செய்து வெற்றி காண்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்நேரத்து உடல், மன நிலை. முதலாவதே வலுவானது என்பது அவர் முடிவு. மண்டபத்தில் பகல் முழுவதும் மூன்றாவதிலேயே கழிந்தது.

இரண்டாம் நாள் வந்த பயிற்சியாளர் முன்பு டர்னராக, அதாவது கடைசல் தொழிலாளியாக, இருந்தவர். எல்லோரையும் நேராக, கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தின் முன் நிறுத்தினார். தயங்கும் பையன் ஒருவன் துளையின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை உருப்படிக்குள் விட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் செட்டர் பக்கம் திரும்பினான்.

"எவ்வளவு குறையுது, தம்பி?"

"இருபது மைக்ரானுங்க."

"அப்ப நீயே போடு."

ஆஃப்செட்டில், அதாவது இயந்திரத்துக்குத் தரும் அளவுத் திருத்தத்தில், 0.020 மி.மீ. கூட்டிய பிறகும், ஸ்டார்ட் பொத்தான்மேல் அவன் விரல் சிறிது நேரம் அழுத்தாமலே நின்றது. அடுத்த உருப்படி அளவுக்குள் வந்தது. பக்கத்து இயந்திரத்துக்காரர் யாரும் சொல்லாமலேயே தம் கேஜை எடுத்தார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அளக்காமலேயே "சரியாத்தான் இருக்கும்" என்று உருப்படிகளைத் தள்ளிவிடும் அனுபவசாலி ஒருவர் எங்களிடம் இருக்கிறார். அத்தகைய மிதமிஞ்சிய நம்பிக்கையைப் பற்றி இரண்டு நாட்களிலும் ஒரு சொல் இல்லை. கழிவுப் பெட்டியை நிரப்புவதில் தயங்குபவரைவிட அவருக்கே பங்கு அதிகம்.

அடுத்த குழுவுக்கு இரண்டாம் நாள் பயிற்சியை மட்டும் கேட்டோம். தனியாகத் தர இயலாது என்றார்கள். அந்த டர்னரையாவது இரண்டு நாட்களுக்கும் அனுப்புமாறு கேட்டிருக்கிறோம்.