முள் காட்டும் ஓட்டையும் காட்டாத துருவும்: டிசிவிஜி கருவியோடு 6 வருடம்

மண்ணுக்கடியில் ஓடும் இரும்புக் குழாயைத் தோண்டாமல் சோதிக்க, மண்ணில் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் மாறுவதை அளக்கும் டிசிவிஜி கருவியைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்து 6 வருடம் ஆகிறது. வாங்கும்போது யாரும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: இது துருவைக் காட்டாது. குழாயின் கோட்டிங்கில் எங்கே ஓட்டை என்பதை மட்டும்தான் காட்டும்.

கத்தோடிக் பாதுகாப்புக்காக, அதாவது மின்சாரம் கொடுத்துக் குழாயைத் துருவிலிருந்து காக்க, ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் கருவி) மண் வழியே அனுப்பும் மின்சாரம், கோட்டிங் பெயர்ந்த இடத்தில்தான் இரும்புக்குள் இறங்கும். அதை இன்டரப்டர் என்ற சுவிட்ச் போட்டு விட்டுவிட்டு நிறுத்தினால், தரையில் ஊன்றிய இரண்டு கோல்களுக்கு நடுவே மீட்டர் முள் அதே தாளத்தில் துடிக்கும். ஓட்டையை நெருங்க நெருங்கத் துடிப்பு கூடும். தாண்டியதும் முள் மறுபக்கம் சாயும். நாலடி பின்னால் வந்து, முள் அசையாமல் நிற்கும்படி கோல்களை ஊன்றினால், ஓட்டை இரண்டுக்கும் நட்டநடுவில் இருக்கும். கை பழகிய பிறகு இந்த விஷயத்தில் கருவி என்னை ஏமாற்றியதே இல்லை.

தொல்லையெல்லாம் கோலின் நுனியில். உள்ளே மயில்துத்த (தாமிர சல்ஃபேட்) கரைசல், அடியில் ஈரம் கசியும் அடைப்பான். அது காய்ந்தால் அளவு கண்டபடி ஆடும். முதல் வருடம் வறண்ட மண்ணில் ஒரு நாள் முழுக்க எடுத்த அளவுகளைத் தூக்கிப் போட்டேன். இப்போது தண்ணீர் கேன் இல்லாமல் கிளம்புவதில்லை. கரைசலில் கரையாத படிகம் கொஞ்சமாவது கண்ணில் பட வேண்டும். தார் ரோட்டின் மேல் வைத்து அளப்பதையும் விட்டுவிட்டேன், ஓரத்து மண்தான்.

குழாயின் மின்னழுத்தம் தாமிர சல்ஃபேட் எலக்ட்ரோடை ஒப்பீடாக வைத்து அளந்தால் மைனஸ் 850 மில்லிவோல்ட்டையோ அதைவிட எதிர்மறையான அளவையோ தொட்டால் பாதுகாப்பு போதும் என்பார்கள். மின்சாரம் ஓடும்போது மைனஸ் 1,100 காட்டிய இடத்தில், நிறுத்திய நொடியில் மைனஸ் 790தான் இருந்தது. மீதி மண்ணில் விழுந்த மின்னழுத்தம். நிறுத்திய கணத்து அளவைத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாம் வருடம் வாங்கிய அடி வேறு மாதிரி. எல்லா அளவும் சரியாக இருந்த ஒரு பகுதியில் குழாய் கசிந்தது. தோண்டினால், சுற்றியிருந்த பிளாஸ்டிக் டேப் கிழியாமலே குழாயை விட்டு விலகி நிற்கிறது, உள்ளே தண்ணீர். டேப் மின்சாரத்தை மறித்துவிட்டது. இரும்புக்குப் பாதுகாப்பும் போகவில்லை, மேலே என் முள்ளுக்குச் செய்தியும் வரவில்லை. இப்படி விலகிய கோட்டிங்கை மேலிருந்து அளக்கும் எந்த மின்முறையும் லேசில் பிடிக்காது. ஈசிடிஏ (குழாயின் வெளித்துருவை மதிப்பிடும்) நடைமுறையே சரிபார்க்கச் சில இடங்களில் தோண்டச் சொல்வது எதற்கு என்று அன்றுதான் உறைத்தது. அதிலிருந்து, டேப் சுற்றிய பழைய குழாய் என்றால் அளவு நன்றாக இருக்கும் இடத்திலும் ஒரு குழி கேட்டு வாங்குகிறேன். பணம் கொடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கருவியைப் பற்றி ஒரே குறை, ஒயர். கோலோடு சேரும் இடத்தில் இதுவரை மூன்று முறை அறுந்துவிட்டது. பையில் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.