முகவாயில் கத்தி வைக்கும் முன் பல்லைப் பார்த்தார்களா?

சின்ன வயதிலிருந்தே என் முகவாய் உள்வாங்கித்தான் இருக்கும். பக்கவாட்டில் எடுத்த போட்டோ எதையும் நான் யாருக்கும் காட்டியதில்லை. வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் 90,000 ரூபாயை எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு அழகுச் சிகிச்சை கிளினிக்குக்குப் போனேன். அங்கே நடந்ததை எழுதுகிறேன். இதே யோசனையில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

முதலில் பேசியவர் டாக்டர் இல்லை, ‘கவுன்சிலர்’. என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி டேப்லெட்டில் படம் எடுத்தார். திரையில் முகவாயை விரலால் முன்னே இழுத்துவிட்டு, “இப்படி வந்துடும் மேடம்” என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிலிக்கோன் இம்ப்ளான்ட் (முகவாய் எலும்பின் மேல் வைத்துத் தைக்கும் செயற்கைத் துண்டு), ஒரு மணி நேர வேலை, அன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் 15,000 குறைப்பு. கட்டிவிட்டேன்.

எக்ஸ்ரே எடுக்கவில்லை. அதைவிடக் கொடுமை, ஒரு தடவைகூட வாயைத் திறக்கச் சொல்லவில்லை. நான் பல்லைக் கடித்தால் மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி நுழையும். பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும்.

ஆபரேஷன் செய்தவரை மேஜையில் படுத்த பிறகுதான் பார்த்தேன். சம்மதப் படிவத்தையும் அப்போதுதான் நீட்டினார்கள். ஆங்கிலத்தில் நாலு பக்கம், படிக்க நேரம் தரவில்லை.

வீக்கம் வடிந்த பிறகு பார்த்தால் முகவாய் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. மூன்றாவது மாதம் வாய்க்குள் தையல் போட்ட இடத்தில் சீழ். போன் செய்தபோதெல்லாம் “நார்மல்தான் மேடம்” என்று மாத்திரை பெயரை மெசேஜில் அனுப்பினார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

கீழுதட்டுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு, இரண்டு பக்கமும் முன்கடைவாய்ப் பல்லுக்குக் கீழே எலும்பிலிருந்து வெளியே வருகிறது. எனக்கு இடப்பக்க நரம்பு அடிபட்டுவிட்டது. டீ வழிந்து சட்டையில் சொட்டிய பிறகுதான் தெரியும். உதட்டில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் அம்மா எதுவும் சொல்லாமல் கையை நீட்டித் துடைத்துவிடுவாள். இருபத்தெட்டு வயதில் அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் தோழி ஒருத்தி அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். முகத் தாடை அறுவைச் சிகிச்சைப் பிரிவு. அந்த டாக்டர் சொன்ன முதல் வார்த்தையே, “பல்லைக் கடிங்கம்மா.” அடுத்து, “ராத்திரி குறட்டை விடுவீங்களா?” தலையைப் பக்கவாட்டில் வைத்து செஃபலோகிராம் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். “உங்களுக்கு முகவாய் சின்னது இல்லம்மா. கீழ்த்தாடையே பின்னாடி இருக்கு.”

இந்த வித்தியாசம்தான் எல்லாமே. பல் சரியாகக் கடித்து, முகவாய் எலும்பு மட்டும் கொஞ்சம் குறைவாக இருப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் பொருந்தலாம். ஆனாலும் அது நகரலாம், சீழ் பிடிக்கலாம், அடியிலிருக்கும் எலும்பை நாளடைவில் அரிக்கலாம். இன்னொரு வழி ஜீனியோபிளாஸ்டி. வாய்க்குள்ளிருந்தே முகவாய் எலும்பைக் குறுக்கே அறுத்து, முன்னே நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் போட்டுப் பொருத்துவார்கள். சொந்த எலும்பு என்பதால் கூடிவிடும். ஆனால் பல் கடிக்கும் விதம் இதில் மாறாது. முகவாயை எடுப்பாக்கத் தோலுக்கடியில் ஜெல் ஏற்றும் ஃபில்லர் ஊசி போட்டால் பெரும்பாலும் நாளடைவில் கரைந்துவிடும், ரத்தக்குழாயில் ஏறிவிட்டால் ஆபத்து.

தாடையே பின்னால் இருந்தால் தாடையைத்தான் நகர்த்த வேண்டும். முதலில் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் பல்லுக்குக் கம்பி. பிறகு கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் பிளந்து முன்னே கொண்டுவருவார்கள். சூரிச்சில் இருந்த ஒப்வெகேசர் என்ற சர்ஜன் 1957இல் விளக்கிய முறை இது. இதிலும் உதடு மரத்துப்போக வாய்ப்பு உண்டு என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். இத்தனை காலமாக இருக்கும் வழியை அந்த கிளினிக்கில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர்களிடம் விற்பதற்கு இம்ப்ளான்ட்தான் இருந்தது.

நீங்கள் போவதாக இருந்தால், கத்தி வைக்கப்போகிறவர் யார், அவர் முகத் தாடை சர்ஜனா, பிளாஸ்டிக் சர்ஜனா, பதிவு எண் என்ன என்று பணம் கட்டும் முன்பே எழுதி வாங்குங்கள். இம்ப்ளான்ட் பெட்டியில் தயாரிப்பு எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை உங்கள் ஃபைலில் ஒட்டச் சொல்லுங்கள். நான் கேட்டபோது “எடுத்து வைக்கலை” என்றார்கள். என் உடம்புக்குள் எந்தக் கம்பெனிப் பொருள் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதி. எழுதிக் கேட்டேன். வந்தது இரண்டே தாள், அதிலும் டாக்டர் பெயர் இல்லை. அந்த இரண்டு தாளோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கு நடப்பதால் கிளினிக்கின் பெயரை இங்கே போடவில்லை.

இம்ப்ளான்டை எடுத்தாகிவிட்டது. பல்லில் கம்பி போட்டு எட்டு மாதம் ஆகிறது. இடது உதட்டோரம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.