உப்புத் தண்ணீரில் சுப்பர்சார்ஜர்: காரைநகரில் ஒரு ஜெட் போட் வைத்திருக்கும் அனுபவம்

எங்களிடம் இருப்பது சீடூ 150 ஸ்பீட்ஸ்டர். வெளியே புரொப்பெல்லர் இல்லாமல், தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் ஜெட் போட் இது. பதினைந்தடிக்குக் கொஞ்சம் கூடிய நீளம், நான்கு பேர் இருக்கலாம், 215 குதிரைவலு. தெற்கே நீர் விளையாட்டு நடத்திய ஒருவரிடம் 2018 இறுதியில் நானும் மச்சானும் சேர்ந்து வாங்கினோம். இந்த வகைப் போட்டை உற்பத்தி செய்வதை, சீடூவைச் செய்யும் கனடாவின் பி.ஆர்.பி. கம்பனி 2012 இலேயே நிறுத்திவிட்டது. ஆகவே புதிதாகக் கிடைக்காது, பாவித்ததைத்தான் தேட வேண்டும். வாங்கப்போகிறோம் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சுப்பர்சார்ஜர் உள்ளதையா எடுக்கிறீர்கள், அது உடையுமாமே?" சுப்பர்சார்ஜர் என்பது வலு கூட்டுவதற்காக என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் விசிறி.

இத்தனை வருடம் ஓட்டிய பிறகு என் பதில் இதுதான். உடையும் என்று எல்லோரும் பயந்த சாமான் ஒரு நாளும் எங்களை நடுக்கடலில் விடவில்லை. விட்டதெல்லாம் அதைச் சுற்றியிருந்த மற்றவை: தண்ணீர், பெற்றோல், சாதாழை என்ற கடற்செடி, ஒருமுறை ஒயில்.

முதலில் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பொய்யான பயம் இல்லை. உள்ளே இருப்பது ரொட்டக்ஸ் 4-டெக், 1500 சீசி அளவிலான மூன்று சிலிண்டர் என்ஜின். இதே என்ஜின் சுப்பர்சார்ஜர் இல்லாமல் 155 குதிரைவலுவுக்கும் வந்தது. சுப்பர்சார்ஜர் பெல்ற்றில் ஓடுவதில்லை, கியர் மூலம் நேராக என்ஜினிலிருந்தே சுழற்றப்படுகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்றில் போகும்போது அதன் விசிறி ஏறக்குறைய 45,000 சுற்றில் போகும். அலையில் போட் எகிறும்போது ஜெட் பம்ப் தண்ணீரை விட்டுக் காற்றைக் குடிக்கும், என்ஜின் ஒரே பாய்ச்சலில் சுற்றைக் கூட்டும், போட் திரும்ப விழுந்ததும் சடக்கென்று குறையும். அவ்வளவு வேகத்தில் சுற்றும் விசிறியால் அந்த உடனடி மாற்றத்துக்கு ஒத்துப்போக முடியாது. கியர் பல்லுகள் போய்விடும். அதற்காகத்தான் நடுவில் ஒரு வழுக்கும் கிளட்ச் வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மீறிய முறுக்கு வந்தால் அது வழுக்கிக் கொடுக்கும்.

சில வருட மாதிரிகளில் அந்தக் கிளட்சின் வோஷர்கள் செராமிக்கில் செய்யப்பட்டிருந்தன. தேய்ந்து, வெடித்து, தூளாகி ஒயிலுக்குள் விழுந்தால் அந்தத் தூள் என்ஜின் முழுவதும் போய்ச் சேரும். ஆகவே வோஷர் உடைந்தால் சுப்பர்சார்ஜரை மட்டும் மாற்றிவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது. ஒயில் பாதை முழுவதையும் திறந்து துப்புரவாக்க வேண்டும், அந்தச் செலவில் சிலர் போட்டையே கைவிட்டிருக்கிறார்கள். பிறகு வந்த திருத்தக் கிற்றுகளில் உலோக வோஷர் வந்தது. 2016 இல் வந்த 300 குதிரைவலு 1630 என்ஜினில் சுப்பர்சார்ஜரைக் குறித்த மணித்தியாலத்துக்கு ஒருமுறை திறந்து திருத்தும் வேலையே தேவையில்லை என்று அறிவித்தார்கள். பழைய பெயர் மட்டும் இன்னும் போகவில்லை.

நாங்கள் வாங்கிய கையோடு கழற்றிப் பார்த்தோம். செராமிக் வோஷர்தான், ஆனால் முழுதாக இருந்தது. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மாமா ஊருக்கு வந்தபோது அவருடைய சூட்கேசில் உலோக வோஷர் கிற்றும் பெயாரிங்குகளும் வந்து சேர்ந்தன. கனடாக் கம்பனியின் சாமானுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வசதி இது: எந்தத் தெருவிலும் ஒருவருக்காவது அங்கே ஆள் இருக்கும். சுப்பர்சார்ஜரைத் திறந்து பார்க்க வேண்டிய மணித்தியாலக் கணக்கை முந்தி நூறு என்று சொன்னார்கள், பிந்திய மாதிரிகளுக்கு இருநூறு. நான் நூறையே கடைப்பிடிக்கிறேன். திறந்து, பெயாரிங்கைக் கையால் சுற்றி, கிளட்ச் எவ்வளவு முறுக்கில் வழுக்குகிறது என்று டோர்க் ரெஞ்சில் பார்த்துவிட்டு மூடுவதற்கு அரை நாள் வேலை. அந்த முறுக்கின் அளவு மாதிரிக்கு மாதிரி வேறு. உங்கள் வருடத்தின் சேவிஸ் கையேட்டைப் பார்த்தே வையுங்கள், யாராவது வாயால் சொன்ன எண்ணை நம்ப வேண்டாம்.

இப்போது ஒயில் கதை. நாங்கள் இருவரும் ஊரில் இல்லாத நேரம், டவுனில் ஒரு கராஜில் சேவிசுக்கு விட்டிருந்தோம். நல்லதைச் செய்கிறேன் என்று நினைத்து, விலை உயர்ந்த முழுச் செயற்கைக் கார் ஒயிலை ஊற்றியிருக்கிறார்கள். இந்தக் கிளட்ச் ஒயிலில் குளித்துக்கொண்டே வேலை செய்வது. கார் ஒயிலில் உராய்வைக் குறைக்கப் போடும் மருந்துகள் கிளட்சையும் வழுக்க வைத்துவிடும். அடுத்த முறை கடலில் இறக்கி முழு வேகத்துக்குக் கூட்டினால் 7,000 சுற்றுக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. சத்தத்தில் வித்தியாசம் இல்லை, எச்சரிக்கை விளக்கும் இல்லை. கராஜுக்காரர் "பிளக் மாத்துவம் அண்ணை, சரிவரும்" என்றார். பிளக் மாற்றியும் சரிவரவில்லை. கடைசியில் ஒயில் போத்தலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. உரிய ஒயிலை ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, அதையும் இறக்கி, திரும்பப் புதிதாக ஊற்றிய பிறகு 8,000 வந்தது. இந்த என்ஜினுக்கு, சுப்பர்சார்ஜர் கிளட்சுக்கு ஏற்றது என்று கம்பனி குறித்த ஒயிலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். பில்ற்றரோடு மாற்ற மூன்று லீற்றர் போகும். கீழே இறக்க வழியில்லை, டிப்ஸ்ரிக் குழாயால் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். அளவு பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு: என்ஜின் சூடான பிறகு முப்பது செக்கன் சும்மா ஓடவிட்டு, நிறுத்தி, இன்னும் முப்பது செக்கன் பொறுத்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த என்ஜினில் பார்த்துவிட்டு ஒயில் குறைவு என்று ஊற்றுகிறவர்கள் உண்டு. கூடிப்போன ஒயில் காற்றுப் பாதையால் சுப்பர்சார்ஜருக்குள்ளும், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள்ளும் போய்ப் படியும்.

அந்த அலைச்சலில் கிடைத்த ஒரு பயனை மட்டும் சொல்கிறேன். வேகம் குறைந்தால் முதலில் சுற்று மீற்றரைப் பாருங்கள். சுற்றும் குறைவு, வேகமும் குறைவு என்றால் சந்தேகம் சுப்பர்சார்ஜர் பக்கம். சுற்று ஏறுகிறது, போட் மட்டும் போகவில்லை என்றால் கோளாறு பம்பில். அனேகமாக வெயார் ரிங். பம்பின் விசிறியைச் சுற்றி இருக்கும் பிளாஸ்ரிக் வளையம் அது. மணல் உள்ளே போனால் கீறிக் கீறி இடைவெளி விழும், தண்ணீர் அழுத்தம் கசிந்துவிடும். எங்கள் கரையில் சுப்பர்சார்ஜருக்கு ஒன்று செலவழித்தால் வெயார் ரிங்குக்கு நாலு செலவழித்திருப்போம். கசூரினாக் கடற்கரையில் கரையோடு கரையாக ஸ்ராட் பண்ணி, பார்க்கிறவர்களுக்கு ஒரு சுழற்சி காட்ட வேண்டும் என்று மச்சானுக்கு ஆசை. இடுப்பளவுத் தண்ணீர் வரும்வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்ராட் பண்ண வேண்டும் என்பது இப்போது வீட்டுச் சட்டம்.

ஜெட் போட்டை நாங்கள் தேர்ந்ததே ஆழமில்லாத கடல் என்பதால்தான். மண்டைதீவுப் பக்கமும் ஊர்காவற்றுறை உட்பக்கமும் புரொப்பெல்லர் தட்டாமல் போக இடம் தேட வேண்டும். ஜெட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் போட்டின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாய்தான் மற்ற எல்லாவற்றையும் உறிஞ்சும். சாதாழை மிதக்கும் காலத்தில் அடிக்கம்பி வலையை அது போர்த்திவிடும். அறுந்த களங்கட்டி வலைத் துண்டு ஒன்று உள்ளே போய்த் தண்டில் சுற்றினால் கத்தியோடு கீழே இறங்க வேண்டியதுதான். இறங்கும்முன் சாவிக் கயிற்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் என்ஜின் ஸ்ராட் ஆகாது. இதில் விளையாட்டு வேண்டாம்.

இந்த என்ஜினுக்குச் சூட்டுப் பிரச்சினை வருவதும் இப்படித்தான். என்ஜின் பிளொக்குக்குக் கூலன்ற் ஊற்றிய மூடிய சுற்று, அங்கே கடல் தண்ணீர் போகாது. சைலன்சரும் இன்டர்கூலரும் குளிர்வது கடல் தண்ணீரால். வாயில் சாதாழை அடைத்தால் முதலில் சூடாவது சைலன்சர் பக்கம். உடனே சத்தம் போட்டு, வேகத்தைத் தானாகக் குறைத்துவிடும். "கொஞ்சத் தூரம்தானே, கரைக்குப் போய்ப் பார்ப்போம்" என்று இழுத்துக்கொண்டு போகிறவர்களால்தான் இறப்பர் குழாய்கள் வெந்து போகின்றன.

சுப்பர்சார்ஜர் காற்றை அமுக்கும்போது காற்று சூடாகும். அதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர். என் அபிப்பிராயத்தில் உப்புக் கடலில் உண்மையான பலவீனம் இந்தப் பெட்டிதான். ஒரு பக்கம் கடல் தண்ணீர், மறுபக்கம் என்ஜின் குடிக்கும் காற்று, நடுவில் மெல்லிய உலோகம். உப்பு அரித்து ஊசித்துளை விழுந்தால் தண்ணீர் நேரே சிலிண்டருக்குப் போகும். ஆகவே கழுவுவது எங்களுக்குப் பூசை மாதிரி, ஒவ்வொரு முறையும் நடக்கும். கழுவ நல்ல தண்ணீர் வேண்டுமே? காரைநகரில் பல கிணறுகள் உவர். உவர்த் தண்ணீரால் உப்பைக் கழுவி என்ன பயன்? பவுசரில் வரும் நன்னீரை ஒரு தாங்கியில் சேர்த்து வைத்து, சின்ன மோட்டர் போட்டுக் கழுவுகிறோம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, வெள்ளையாகப் படியும். அது உப்பை விட எவ்வளவோ மேல்.

கழுவும் ஒழுங்கு முக்கியம். முதலில் என்ஜினை ஸ்ராட் பண்ணி, பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது தண்ணீரைப் பூட்டிய பிறகே என்ஜினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் சைலன்சர் நிரம்பித் தண்ணீர் என்ஜினுக்குள் திரும்பும். வெளியில் வைத்து 90 செக்கனுக்கு மேல் ஓடவிடவும் கூடாது. தண்டு போட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் காபன் வளையத்துக்குத் தண்ணீரில் நிற்கும்போதுதான் குளிர்ச்சி. இன்டர்கூலரிலிருந்து வெளியே வரும் குழாயிலும் தண்ணீர் ஓடுகிறதா என்று நான் தனியாகப் பார்ப்பேன். ஓடாவிட்டால் குழாயைக் கழற்றி நேராகப் பாய்ச்சிவிடுவேன்.

பெற்றோல் விடயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். இங்கே ஒக்ரேன் 92 உம் 95 உம் கிடைக்கின்றன, இதற்கு 95. அமுக்கிய சூடான காற்றோடு குறைந்த ஒக்ரேன் சேர்ந்தால் நொக்கிங் வரும், அதாவது பெற்றோல் நேரம் தவறி வெடித்து என்ஜின் தட்டும். சென்சர் அதைக் கண்டுபிடித்துப் பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வலு அங்கேயே போய்விடும். முழு வேகத்தில் மணித்தியாலத்துக்கு 50 லீற்றரைத் தாண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன், வீட்டுக்காரியிடம் பிறகு கணக்குச் சொல்ல வேண்டி வரும். இறங்குதுறையில் பம்ப் இல்லாததால் கானில்தான் கொண்டுபோக வேண்டும். மீன்பிடி வள்ளங்களுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோன கானை இரவல் வாங்காதீர்கள். தண்ணீர் பிரிக்கும் பில்ற்றர் ஒன்றையும் இடையில் போடுங்கள். 2022 இல் பெற்றோல் வரிசையில் காருக்கே கிடைக்காத மாதங்களில் போட் கொட்டிலிலேயே கிடந்தது. அப்போது தாங்கியை வெறுமையாக்கி, சிலிண்டருக்குள் துரு தடுக்கும் ஒயில் தெளித்து, பற்றரியைக் கழற்றி வைத்தோம். திரும்ப எடுத்தபோது பற்றரி மட்டும் போயிருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணை 25 குதிரைவலு ரூ ஸ்ரோக் அவுட்போட்டில் (போட்டின் பின்னால் வெளியே மாட்டும் என்ஜின்) வருடக்கணக்காக நெடுந்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போகிறார். எங்கள் என்ஜின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது நடுக்கடலில நிண்டா எதைத் தட்டுறது?" என்றார். நியாயமான கேள்வி. எதையும் தட்ட முடியாது. ஆகவே சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வெளிக்கடலுக்குப் போவதில்லை. மற்ற நாட்களிலும் தூரப் பயணத்துக்கு இன்னொரு போட் கூட வந்தால் மட்டும்தான்.

அவுட்போட்டிலேயே சுப்பர்சார்ஜர் வேண்டும் என்பவர்களுக்கு 2004 இல் வந்த மேர்க்கூரி வெராடோ இருக்கிறது. 2.6 லீற்றர், ஆறு சிலிண்டர். அது பெரிய போட்டுக்கு. அதில் சுப்பர்சார்ஜரை விட, நெடுநேரம் மெதுவாக ஓட்டினால் பெற்றோல் ஒயிலோடு கலந்து ஒயில் மட்டம் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் பெரிய கவனம்.

இரண்டாம் கையாக 215 வாங்கப் போகிறவர்களுக்கு: மணித்தியால மீற்றரை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். சுப்பர்சார்ஜர் எப்போது திறக்கப்பட்டது, வோஷர் எந்த வகை என்று கேளுங்கள். கழற்ற விடச் சொல்லுங்கள், சில போல்ற்தான். விசிறி ஓரத்தில் அரிப்பு இருந்தால் இன்டர்கூலர் கசிந்திருக்கலாம். கடலில் இறக்கி 8,000 சுற்று வருகிறதா என்று பாருங்கள். கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் கிற்றின் விலையையும் ஒரு இன்டர்கூலரின் விலையையும் கழித்துக் கேளுங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால் சுப்பர்சார்ஜர் இல்லாத 155 ஐத் தேடுங்கள். நயினாதீவுக்கும் கடற்கோட்டைக்கும் சொந்தக்காரரை ஏற்றி இறக்க அது தாராளமாகப் போதும்.